பேச்சுத் தட்டச்சு வந்துவிட்டது, சரி. பேச்சு தெளியாதவர் எதைக்கொண்டு எழுதுவார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், கணினியில் எழுத இனி விசைப்பலகையே வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கை விளங்காதவர்களின் சிரமமும் இத்துடன் ஒழிந்தது என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்தபோது நீண்டுவிட்டது. வெட்டுவதானால் நான் கோபப்படும் இடங்களை வெட்டுங்கள். விசைகளைப் பற்றிச் சொல்லும் இடங்களை விட்டுவையுங்கள்.

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் அதே அறையில் தட்டச்சுப் பயிலகம் நடத்தினேன். தோல் கிடங்கு வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து அப்பா இங்கே வந்தார். நாங்கள் பிறந்து வளர்ந்தது எல்லாம் மும்பையில்தான். கல்யாணப் பத்திரிகை, அம்மன் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, மராத்தியில் பிரமாணப் பத்திரம் என்று வருவதையெல்லாம் அடித்துக்கொடுப்பேன். அடித்ததைப் பிழை பார்ப்பது என் தம்பி. அவன் பார்க்காமல் ஒரு தாளும் கடையை விட்டு வெளியே போகாது. 'வாழ்த்துக்கள்' என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களை அவன் விடமாட்டான். வாடிக்கையாளர் முறைத்தாலும் 'க்'கை எடுத்துவிட்டுத்தான் மறு வேலை.

தம்பிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கைகள் இரண்டும் அவன் நினைத்த பக்கம் போகாது. வேறு பக்கம் போகும். தலையும் நிலையாக நிற்காது. அவன் பேசுவது எனக்கும் அம்மாவுக்கும் முழுதாகப் புரியும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பாதி புரியும். கைபேசிக்கு ஒரு சொல்கூடப் புரியாது. அவன் உடம்பில் சொன்னபடி கேட்கும் ஒரே இடம் வலது முழங்கால். அந்த முழங்காலால்தான் எழுதுகிறான்.

பேச்சுத் தட்டச்சு மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் தன் பேச்சு உள்ளீட்டில் தமிழையும் மராத்தியையும் இன்னும் சில இந்திய மொழிகளையும் சேர்த்தபோது, கடையில் முதலில் பயன்படுத்திப் பார்த்தது நான்தான். நெடுங்கதை எழுதுகிற பெரியவர் ஒருவர், கை நடுக்கத்தால் பேனாவைக் கீழே வைத்தவர், இன்று கைபேசியிடம் சொல்லியே பக்கம் பக்கமாக எழுதுகிறார். அவருக்கு அது பெரிய வரம். ஆனால் அந்தக் கருவி, தெளிவாகப் பேசுகிறவர்களின் குரலைக் கேட்டுப் பழகியது. நாக்குப் புரளாதவர், பக்கவாதத்துக்குப் பின் குழறுகிறவர், தொண்டையில் அறுவை செய்துகொண்டவர், பேசவே பேசாதவர் ஆகியோர் உங்கள் கட்டுரையில் எந்தப் பத்தியில் இருக்கிறார்கள்?

இன்னொன்றையும் கட்டுரையாளர் யோசிக்கவில்லை. அவர் அமைதியான தனி அறையில் உட்கார்ந்து பேசிப் பார்த்திருப்பார் போலும். எங்கள் சந்தில் ஒரு பக்கம் பெல்ட் தைக்கும் இயந்திரம், மறு பக்கம் இந்தித் தொலைக்காட்சித் தொடர், மேலே தண்ணீர் வந்துவிட்டது என்று கூவும் குரல். அதற்குள் வாக்கியத்தைச் சொன்னால் பக்கத்து வீட்டுத் தொடரின் வசனமும் சேர்ந்து எழுத்தாகிறது. அது போகட்டும். எழுத்து என்பது அடுத்தவர் காதில் விழாமல் ஒருவர் செய்யக்கூடிய காரியம். கடவுச்சொல்லை, மருத்துவருக்கு எழுதும் விவரத்தை, ஒரு பெண்ணுக்கு எழுத நினைக்கும் கடிதத்தை, அம்மாவும் அக்காவும் இருக்கும் பத்தடி அறையில் எவன் உரக்கச் சொல்வான்? என் தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அவன் எழுதுவதில் நான் படிக்கக் கூடாதவையும் இருக்க வேண்டும்.

முழங்காலால் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். கணினித் திரையில் விசைப்பலகையின் படம் இருக்கும். அதில் ஒரு ஒளிப்பட்டை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக நகரும். வேண்டிய வரிசைக்கு வரும்போது ஒரு தட்டு. பிறகு அந்த வரிசைக்குள்ளே அது இடமிருந்து வலமாக ஊரும். வேண்டிய எழுத்தில் மறுபடி ஒரு தட்டு. இதற்குத் தனியாகக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியிலேயே இருக்கும் திரை விசைப்பலகையின் விருப்பங்களுக்குள் இந்த வசதி உண்டு. வேகத்தையும் நமக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் 'ஸ்விட்ச் அக்சஸ்', ஐபோனில் 'ஸ்விட்ச் கண்ட்ரோல்' என்று இதே வேலையைச் செய்பவை இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இந்த வசதியைத் திறந்து பார்த்த கணினி ஆசிரியர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

முழங்காலால் தட்ட ஒரு சுவிட்சுக்குத்தான் அலைந்தோம். வெளிநாட்டிலிருந்து வருபவை வட்டமாக, அழகாக இருக்கும். விலையைக் கேட்டால் எங்கள் கடை வாடகை நினைவுக்கு வரும். கடைசியில் லாமிங்டன் ரோட்டில் கைபேசி பழுது பார்க்கும் ஒருவரிடம் பழைய மவுஸ் ஒன்றைக் கொண்டுபோனேன். மவுஸின் இடது பொத்தானுக்குக் கீழே சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் கம்பியை ஈயம் வைத்து ஒட்டி வெளியே இழுத்து, அழைப்புமணிப் பொத்தானோடு இணைத்துக் கொடுத்தார். பொத்தானின் மேல் மருந்து டப்பாவின் அகலமான மூடியைப் பொருத்தி, தோல் பட்டையால் நாற்காலியில் கட்டினோம். தோல் பட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. முதலில் போட்ட சுருள்வில் விறைப்பாக இருந்தது. அழுத்தும்போது கால் முழுதும் உதறிவிடும். மெல்லிய வில்லைப் போட்டால் தொடாமலே தட்டும். நடுத்தரமாக ஒன்று கிடைத்த பிறகும், ஒரு தட்டு இரண்டாக விழுந்துகொண்டிருந்தது. மின்னல் வேகத்தில் மறுபடி விழும் தட்டைக் கணக்கில் எடுக்காமல் விடும் வசதி இந்த வகை மென்பொருள்களில் உண்டு. அதைப் போட்டதும் சரியாயிற்று.

இதற்கு நடுவில் மாதுங்காவில் தெரிந்த பையன் ஒருவன் வெப்கேமரா வழியாகத் தலை அசைவால் மவுஸை நகர்த்தும் 'ஈ-வயாகாம்' என்ற மென்பொருளைப் போட்டுக்கொடுத்தான். இலவசம், அருமையானது, கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்களுக்குப் பெரிய துணை. தம்பிக்கு ஒத்துவரவில்லை, அவன் தலை நிற்காதே. வேறொருவருக்கு முழங்கால் ஒத்துவராது, புருவம் ஒத்துவரும். யாரைப் பார்த்தாலும் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் பெயரைச் சொல்கிறார்கள். அவரே 1985-இல் குரல் போன பிறகு முதலில் கையில் பிடித்த பொத்தானால் எழுதினார். கை தளர்ந்ததும் கன்னத் தசையின் அசைவைக் கண்டறியும் கருவிக்கு மாறினார். ஒரே மனிதருக்கே ஒரு வழி கடைசிவரை போதவில்லை. அவருக்காக இன்டெல் உருவாக்கிய மென்பொருள் 2015-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது.

புள்ளியும் கோடுமாகத் தட்டி எழுத்தைக் குறிக்கும் மோர்ஸ் தந்தி இன்னொரு வழி. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவையை மூடி மாலை போட்டு வழியனுப்பினோம். 2018-இல் கூகுளின் கைபேசி விசைப்பலகைக்குள் மோர்ஸ் திரும்பி வந்தது. அதற்குக் காரணம் தானியா ஃபின்லேசன் என்ற அமெரிக்கப் பெண். மூளை முடக்குவாதம் உள்ளவர். தலையின் இரு பக்கமும் இரண்டு சுவிட்சுகளை வைத்து, ஒன்றைப் புள்ளியாகவும் மற்றதைக் கோடாகவும் தட்டிப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறவர். இரண்டு தட்டும் இடம் இருப்பவர்களுக்கு ஒளிப்பட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வேகமும் கூடும்.

இனி தமிழ்.

தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்கி 1930-களில் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. சில விசைகளை அடித்தால் தாளைத் தாங்கும் வண்டி நகராது. அடுத்த எழுத்து அதன் கீழேயே வந்து உட்காரும். புள்ளி அப்படித்தான் விழுந்தது. அவர் யோசித்தது பத்து விரலும் உள்ளவர்களுக்காக. அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க முடியாது. நம் காலத்தில் எதிர்பார்க்கலாம்.

இன்று கணினியில் பரவலாக உள்ள தமிழ் விசைப்பலகை அமைப்புகளில் ஒன்று இன்ஸ்கிரிப்ட். எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே இட ஒழுங்கு என்ற எண்ணத்தில் மத்திய அரசு தரப்படுத்தியது. அதனால் மும்பைத் தமிழர்களுக்கு ஒரு லாபம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன்: தமிழில் 'க' இருக்கும் இடத்தில்தான் மராத்தியின் 'க'வும் இருக்கும். ஒன்றைப் பழகினால் மற்றது பாதி வந்துவிடும். ஆனால் தேவநாகரியை நினைத்து வகுத்த ஒழுங்கில் தமிழுக்கு என்ன மிஞ்சியது பாருங்கள். 'ந' இருக்கும் விசையில் ஷிஃப்டோடு அடித்தால்தான் 'ன'. அப்படியே 'ர'வோடு 'ற', 'ல'வோடு 'ள', 'ம'வோடு 'ண', 'வ'வோடு 'ழ'. 'அவன்', 'நான்', 'என்', 'என்று' என எங்கு திரும்பினாலும் வருகிற 'ன'வுக்கு ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட்! இரண்டு கையும் உள்ளவருக்கு அது சுண்டுவிரலின் ஓர் அசைவு. ஒற்றைக் கைக்காரருக்கு அது ஒரு வித்தை. ஒளிப்பட்டை பார்த்துத் தட்டுகிறவருக்கோ, ஷிஃப்ட் இருக்கும் கீழ் வரிசைக்குப் பட்டை ஊர்ந்து போகும்வரை காத்திருந்து தட்டி, மறுபடி மேலிருந்து தொடங்கி 'ன'வுக்கு வர வேண்டும்.

மற்றது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்தது. தமிழ்நாடு அரசு ஏற்றது. இதில் உயிருக்கும் மெய்க்கும் ஷிஃப்ட் கிடையாது. ஆய்தத்துக்கும் ஜ, ஷ, ஸ, ஹ போன்றவற்றுக்கும் மட்டுமே. அடிக்கடி வரும் க, ப, ம, த, ந, ய எல்லாம் விரல் இயல்பாக அமரும் நடு வரிசையில். அதைவிட முக்கியம், புள்ளி தானாக விழும் ஏற்பாடு. 'அக்கா' என்று எழுத அ, க, க, ஆ என நாலு விசை போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதில் புள்ளி தானே ஏறும். ந-வுக்குப் பின் த, ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச வந்தாலும் அப்படியே. 'வந்தான்' என்ற சொல்லை அடித்துப் பார்த்தேன். தமிழ்99-இல் ஆறு விசை. இன்ஸ்கிரிப்ட்டில் ஷிஃப்டையும் சேர்த்து எட்டு. பத்து விரல்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார். ஒவ்வொரு விசைக்கும் இரண்டு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு காத்திருப்பு என்று கணக்குப் போடுங்கள். நாள் முழுதும் பிழை பார்க்கும் ஒருவனுக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம்.

ஒற்றைக் கைக்காரர்களுக்கும் இதே கதை. தோல் வெட்டும் இயந்திரத்தில் வலது கை விரல்களை இழந்த ஒருவர் என்னிடம் தட்டச்சு கற்க வந்தார். ஆங்கிலத்துக்கு இடது கைக்கென ஒரு டிவோராக் அமைப்பு, வலது கைக்கென ஒரு டிவோராக் அமைப்பு விண்டோஸிலேயே உண்டு. இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த 'ஒட்டும் விசை' ஏற்பாடும் உண்டு. ஷிஃப்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் திரையில் அதுவாகவே வந்து கேட்கும். (கடையில் குழந்தைகள் விளையாட்டாகத் தட்டி, கணினிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று பயந்து ஓடிவருவார்கள்.) தமிழில் ஒற்றைக் கைக்கு ஓர் அமைப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. அந்த மனிதர் ஆங்கிலம் அடிக்கக் கற்று, கூரியர் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குத் தமிழ்தான் நன்றாக வரும்.

கணினி வருவதற்கு முன் தம்பி எப்படி எழுதினான் என்று சொன்னால்தான் நான் கேட்கப்போவது புரியும். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குமே, மேலே உயிர் பன்னிரண்டு, பக்கவாட்டில் மெய் பதினெட்டு, நடுவே கட்டங்களில் 216 உயிர்மெய், அந்த அட்டவணையை அம்மா மடியில் விரித்துக்கொள்வார். நாலாம் வகுப்போடு நின்ற அம்மா, விரலை மெய் வரிசையில் மேலிருந்து கீழே இறக்குவார். வேண்டிய இடத்தில் தம்பி 'ம்' என்பான். அப்புறம் விரல் பக்கவாட்டில் நகரும். மறுபடி 'ம்'. ஓர் எழுத்து முடிந்தது. 'கொ' வேண்டுமானால் இரண்டே 'ம்'. இதையே இன்றைய திரை விசைப்பலகையில் க தனியாக, கொம்பும் காலும் சேர்ந்த குறி தனியாகத் தேடி நாலு முறை தட்ட வேண்டும். நம் எழுத்தே நிரலும் நிரையுமாக அமைந்தது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது. வெளிநாட்டு நிபுணர்கள் சுவிட்சுக்காரர்களுக்கு வரிசையும் பத்தியுமாகக் கட்டம் போட்டுக்கொடுக்கிறார்கள். நமக்கு அது அரிச்சுவடியிலேயே இருக்கிறது.

அட்டவணையை அப்படியே எடுத்துத் திரையில் ஒட்டினால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'ன' கடைசி வரிசை. அம்மாவின் விரல் க, ங, ச என்று இறங்கி அங்கே போய்ச் சேர்வதற்குள் தம்பிக்குப் பொறுமை போய்விடும். 'ங' இரண்டாம் வரிசையில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. 'ஙௌ'வை யார் எதற்கு எழுதப்போகிறார்கள்? அதிகம் புழங்கும் த, க, ன, ர, ம, ப போன்றவை மேலே வர வேண்டும். இதைத் தம்பியே ஒரு தாளில் மாற்றி அடுக்கி வைத்திருக்கிறான். அவன் அதோடும் நிற்கவில்லை. பிழை பார்க்கிறவன் ஆதலால் நன்னூல் கையில் இருக்கும். சொல்லின் முதலில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் வராது என்பது இலக்கணம். அப்படியானால் புதுச்சொல் தொடங்கும்போது ஒளிப்பட்டை அந்த எட்டு வரிசையையும் கடைசியில் தொட்டால் போதுமே என்கிறான். ரயிலும் டிக்கெட்டும் லாரியும் நம் மொழிக்குள் வந்துவிட்டதால் அவற்றை நீக்கக் கூடாது. பின்னுக்குத் தள்ளினால் போதும். 'ங்' போட்டதும் அடுத்தது பெரும்பாலும் 'க'தான். 'ஞ்' என்றால் 'ச'. பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதி வைத்ததைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் எத்தனை நாள் ஆகும்?

இது தம்பியின் கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் மெக்கே, டேவிட் வார்ட் இருவரும் 'டாஷர்' என்ற எழுதும் முறையை உருவாக்கி, 2002-இல் 'நேச்சர்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். அதில் விசையே கிடையாது. எழுத்துகள் திரையின் வலது பக்கத்திலிருந்து மிதந்து வரும். கண் பார்வையாலோ, சுட்டியாலோ வேண்டியதன் பக்கம் திருப்பிக்கொண்டே போனால் சொல் தானாகக் கோத்துக்கொள்ளும். அடுத்து எந்த எழுத்து வர வாய்ப்பு அதிகமோ, அதற்குப் பெரிய கட்டம். வாய்ப்புக் குறைந்ததற்குச் சிறிய கட்டம். தம்பி நன்னூலை வைத்துச் சொல்வதும் அதே தத்துவம்தான். நம் பக்கத்திலேயே, பவாய் ஐ.ஐ.டி.யில் 'ஸ்வரசக்ரா' என்ற கைபேசி விசைப்பலகையை உருவாக்கினார்கள். மெய்யைத் தொட்டால் அதைச் சுற்றி உயிர்க்குறிகள் சக்கரமாக விரியும். மெய்யிலிருந்து உயிருக்கு என்ற வழியை அவர்கள் பிடித்துவிட்டார்கள். அது தொடக்கூடிய விரல் உள்ளவர்களுக்கு. அதே வழியை ஒற்றைச் சுவிட்சுக்குக் கொண்டுவர யாராவது உட்கார வேண்டும்.

சொற்கணிப்பும் அப்படியே. எங்கள் கணினியின் திரை விசைப்பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துத் தட்டினால் முழுச்சொல்லைக் காட்டுகிறது. தமிழுக்கு அந்தப் பட்டையே காலியாக இருக்கிறது. கைபேசியில் தமிழ்ச் சொற்கணிப்பு நன்றாகத்தான் வருகிறது. அதே வித்தையைச் சுவிட்சுக்காரரின் திரைக்குக் கொண்டுவராததற்கு அறிவியல் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கேட்கும் ஆள் குறைவு என்பதைத் தவிர.

இனி அலுவலகங்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு ஒரு வங்கியில் கணக்கு. பணம் அனுப்ப வேண்டுமானால் கைபேசிக்கு ஆறு இலக்க எண் வரும். திரை விசைப்பலகையில் எண்கள் மேல் வரிசையில் இருப்பதால் 1, 2 என்றால் சீக்கிரம். 9, 0 என்றால் பட்டை ஊர்ந்து போக வேண்டும். நாலாவது இலக்கத்தைத் தட்டும்போது நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் மூடிக்கொள்ளும். மறுபடி கேட்டால் புது எண். சில தடவைக்கு மேல் கேட்டால் கணக்கே பூட்டிக்கொள்ளும். கிளையில் போய்ச் சொன்னால், "நீங்களே போட்டுக்கொடுத்துவிடுங்களேன், மேடம்" என்கிறார்கள். இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று வாரம் தவறாமல் குறுஞ்செய்தி அனுப்புவதும் இதே வங்கிதான். 2025 ஏப்ரல் 30-இல் பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. அமில வீச்சில் முகம் சிதைந்தவரிடம் கண் சிமிட்டு என்று கேட்ட வாடிக்கையாளர் சரிபார்ப்பு முறையைப் பற்றிய வழக்கு அது. கண் சிமிட்ட முடியாதவருக்கு உள்ள நியாயம், வேகமாகத் தட்ட முடியாதவருக்கும் உண்டு. நேரத்தை நீட்டிக்கொள்ள ஒரு பொத்தான் வைப்பதில் வங்கிக்கு என்ன நஷ்டம்?

தேர்வு இன்னும் மோசம். தம்பி தேர்வெழுதப் போனபோது, சொல்வதைக் கேட்டு எழுத ஓர் ஆளைத் தருகிறோம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான், பேச்சு புரிந்தால். அன்று வந்த மாணவிக்கு அவன் சொன்ன முதல் விடையே புரியவில்லை. பாவம், அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவனுடைய சுவிட்சையும் கணினியையும் கொண்டுபோயிருந்தேன். மருந்து டப்பா மூடியும் கம்பியும் ஈயமுமாக அதைப் பார்த்த கண்காணிப்பாளர், காப்பியடிக்கும் கருவி என்றே முடிவு கட்டிவிட்டார். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், முடிந்தவரை பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, பதிவு செய்து கொடுத்தல் ஆகியவற்றில் தேர்வு எழுதும் முறையைத் தேர்வர் தேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தது. அச்செடுத்துக் கொண்டுபோனதை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருந்ததுதான். முழங்காலால் எழுதுகிறவனுக்கு அது எந்த மூலைக்கு? எழுத முயலும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள விகாஷ் குமார் என்ற தேர்வர் யு.பி.எஸ்.சி.யை எதிர்த்து வழக்காடி, 2021 பிப்ரவரியில் வென்றார். எழுத்தர் வைத்துக்கொள்ளும் உரிமை அதில் விரிந்தது. எழுத்தர் வேண்டாம், என் கருவியால் நானே எழுதிக்கொள்கிறேன் என்பவனுக்கும் கதவு திறக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. இருபத்தொரு வகை ஊனங்களை அது பட்டியலிடுகிறது. உதவிக் கருவி வழங்கும் முகாம் ஒன்றுக்கு நாங்களும் போயிருக்கிறோம். சக்கர நாற்காலி கொடுத்தார்கள். நன்றாகவே இருக்கிறது, அதில்தான் இப்போதும் உட்கார்ந்திருக்கிறான். எப்படி நகர்வாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எப்படி எழுதுவாய் என்று கேட்க அங்கே ஒரு மேசைகூட இல்லை. நாற்காலியோடு ஒரு சுவிட்சும் அதைப் பொருத்த ஒரு பட்டையும் கொடுத்தால் கூடும் செலவு, அந்த முகாமில் கட்டியிருந்த பந்தல் செலவில் தெரியாது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. பேச்சுத் தட்டச்சைப் பற்றி எழுதியதுபோல, சுவிட்ச், தலையசைவு, கண் பார்வை, ஒற்றைக் கை, மோர்ஸ் என்று மற்ற வழிகளைப் பற்றியும் ஓர் இணைப்பிதழ் போடுங்கள். விசைப்பலகை செய்யும் தமிழ்க் கணினியாளர்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். கல்லூரித் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களும் படிக்கிறார்கள். தம்பி அடுக்கிய அட்டவணையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுங்கள், காசு வேண்டாம். இரண்டாவது, நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் சிறுகதைப் போட்டியின் விதிகளில் 'கைப்பட எழுதிய பிரதி மட்டுமே ஏற்கப்படும்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள்.

எங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்பது தம்பியின் விருப்பம். வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தால் வேலை கெடும், கொடை மாதம் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில் மூன்று ஒற்றுப்பிழைகளும் ஒரு ஒருமை–பன்மை மயக்கமும் இருந்ததாகச் சொன்னான். திருத்தங்களை அவனே தட்டி, பக்கமும் வரியும் குறித்து, தனித் தாளில் கொடுத்திருக்கிறான். கட்டுரையாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தாராவி, மும்பை – 17